சகலையோட வெள்ளை மாத்திரை

சகலைன்னு ஒரு உறவை எவன் கண்டுபிடிச்சானோ, அவன் மட்டும் என் கையில கிடைச்சா நல்லா நாலு கேள்வி கேட்டிருப்பேன். அண்ணன் தம்பின்னா அடிச்சுக்கலாம், மறுநாள் கூடிக்கலாம். சிநேகிதன்னா பிடிக்கலன்னு விட்டுட்டு வந்துடலாம். சகலையை என்னங்க பண்றது? ஒரே வீட்டுல பொண்ணு எடுத்த பாவத்துக்கு, ஆயுசு முழுக்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சு எடை போட்டுக்கிட்டே இருப்பாங்க.

என் சகலை என் பொண்டாட்டியோட தங்கச்சி புருஷன். மாமனார் வீட்டுல கீழ நாங்க, மேல அவங்க. மாமனாரும் மாமியாரும் எங்களோட கீழதான் இருக்காங்க, ஆனா ஞாயித்துக்கிழமை மதியச் சாப்பாடு எல்லாருக்கும் மேல. ஏன்னா எட்டு பேர் உக்கார்ற மேஜை அங்கதான் இருக்கு. அந்த மேஜையை வாங்கினது அவன். அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது மாமியார் எனக்கு ஞாபகப்படுத்திடுவாங்க.

இதுல வேலையும் ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல. ஆஸ்பத்திரிக்கும் காலேஜ் லேபுக்கும் கண்ணாடிச் சாமான் செய்யிற கம்பெனி. பர்னர் முன்னால உக்காந்து, கண்ணாடிக் குழாயைத் தீயில காட்டி இளக்கி, வாயால ஊதிக் குடுவையா எழுப்புவோம். மொத்தம் ஆறு பர்னர். முதல் பர்னர் பத்தொன்பது வருஷமா என்னோடது. சிக்கலான உருப்படி எதுவா இருந்தாலும், "முதல் பர்னருக்கு அனுப்பு"ன்னுதான் மேனேஜர் சொல்லுவார். சகலைக்கு மூணாவது பர்னர். அவனைக் கம்பெனியில சேர்த்து விட்டதே நான்தான். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

சும்மா சொல்லக்கூடாது, அவன் நல்லா ஊதுவான். அதுதானே பிரச்சினையே.

நெஞ்செரிச்சல் எனக்குத்தான் முதல்ல வந்துச்சு. ஊதும்போது வயிறு இறுகும் இல்ல, அப்போ புளிச்ச தண்ணி நெஞ்சுல ஏறி, தொண்டை வரைக்கும் வந்து நிக்கும். ரெண்டு வருஷம் வெளிய காட்டிக்கல. ஒரு நாள் பெரிய குடுவையை ஊதிக்கிட்டு இருக்கும்போது பாதியில மூச்சு அறுந்து, உருப்படி கையிலேயே கோணிப் போச்சு. கம்பெனி டாக்டர் என்னை வயித்து டாக்டர்கிட்ட அனுப்பினார். வாய் வழியா கேமரா விட்டுப் பார்த்தா, உணவுக்குழாய் முழுக்க நீள நீளமா புண். "ரொம்ப முத்தின நிலை"ன்னு டாக்டர் சொன்னார். எனக்கும் எரியுதுன்னு போன சகலைக்கும் அடுத்த வாரமே பார்த்தாங்க. அவனுக்கும் அதே புண், அதே நிலை. நோயில கூட இவன் எனக்குச் சரிசமமா வந்து நிக்கணுமா?

மேனேஜர் கண்டிப்பா சொல்லிட்டார். புண் ஆறி, டாக்டர் கையெழுத்து போட்டுத் தர்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஊதக்கூடாது, பேக்கிங்கில இருக்கணும். யார் முதல்ல கையெழுத்தோட வர்றாங்களோ அவங்களுக்கு முதல் பர்னர். யாருக்கு ஆறவே இல்லையோ, அவங்களுக்குப் பேக்கிங்தான் நிரந்தரம்.

பேக்கிங்னா என்னன்னு நினைக்கிறீங்க? அடுத்தவன் ஊதின குடுவையைக் காகிதத்துல சுத்தி அட்டைப் பெட்டியில வைக்கிறது. பத்தொன்பது வருஷம் ஊதினவனுக்கு அதைவிடக் கேவலம் வேற இல்ல.

இந்தச் சமயத்துலதான் வயித்து டாக்டர் அந்த ஆய்வைப் பத்திச் சொன்னார். எங்க புண்ணு மாதிரி முத்தின புண்ணுக்கு எந்த மருந்து நல்லா கேக்குதுன்னு ரெண்டு மருந்தை ஒப்பிட்டுப் பார்க்கிறாங்களாம். ஒண்ணு எல்லா மருந்துக் கடையிலயும் கிடைக்கிற பழைய மருந்து, மஞ்சள் கேப்ஸ்யூல். இன்னொண்ணு புதுசு, வெள்ளை மாத்திரை. எட்டு வாரம் சாப்பிட்டதும் மறுபடி கேமரா விட்டுப் பார்ப்பாங்க. ரெண்டு பேரும் ஒரே நாள்ல கையெழுத்து போட்டோம்.

அங்க ஒரு நர்ஸம்மா. நெத்தியில கண்ணாடியை ஏத்தி வச்சுக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி சொன்னாங்க. "ஆளுக்கு ரெண்டு பாட்டில். காலையில சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி மஞ்சள். மதியம் சாப்பிட்டதும் வெள்ளை. ரெண்டுல ஒண்ணுதான் நிஜ மருந்து, இன்னொண்ணு வெறும் மாவு. சிலருக்கு மஞ்சள் நிஜம், சிலருக்கு வெள்ளை நிஜம். யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நீங்களும் கண்டுபிடிக்கப் பார்க்காதீங்க. மீதி மாத்திரையோட பாட்டிலைத் திருப்பிக் கொண்டு வரணும், எண்ணிப் பார்ப்பேன்."

கண்டுபிடிக்காதேன்னு சொன்னா, அதுக்கப்புறம் மனுஷனுக்கு வேற வேலை ஓடுமா?

முதல் ரெண்டு வாரம் நான் என்னைப் பார்த்ததைவிட அவனைப் பார்த்ததுதான் அதிகம். பேக்கிங் மேஜையில எதிரெதிரா உக்காந்திருப்போம். நான் நெஞ்சைத் தடவினா, அவன் விசிலடிப்பான். நான் வெந்நீர் குடிச்சா, அவன் காபி குடிப்பான், அதுவும் கடுங்காபி. "என்ன சகல, எரியலையா?"ன்னு கேட்டா, "எனக்கா? மூணாம் நாளே நெஞ்சு குளுகுளுன்னு ஆயிடுச்சு அண்ணே. வெள்ளை மாத்திரை உள்ள போறப்பவே தெரியுது"ன்னு சொல்லிச் சிரிப்பான். அந்தப் பல்லைப் பார்க்கணுமே நீங்க.

ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, மேல, அவன் வாங்கின அந்த மேஜையில சாப்பாடு. எனக்கு மட்டும் தனியா காரமில்லாம ஒரு கிண்ணம். அவன் காரக்குழம்பை ரெண்டு தடவை ஊத்திக்கிட்டு, பச்சை மிளகாயை வேற கடிச்சுக்கிறான். மாமியார் முகத்துல பெருமை வழியுது. "சின்ன மாப்பிள்ளை உடம்பு இரும்புங்க"ன்னு மாமனார்கிட்ட சொன்னாங்க. பெரிய மாப்பிள்ளை உடம்பு எதுவாம்? தகரமா?

"நீங்களும்தான் இப்போ நல்லா தூங்குறீங்க. முன்னெல்லாம் நாலு தடவை எழுந்து உக்காருவீங்க, இந்த வாரம் ஒரு தடவைதானே எழுந்தீங்க?"ன்னு என் பொண்டாட்டி எனக்காகப் பரிஞ்சு பேசினா. "நீ உன் வேலையைப் பாரு"ன்னு எரிஞ்சு விழுந்தேன். ஒரு தடவை எழுந்தா என்ன, நாலு தடவை எழுந்தா என்ன? அவன் மிளகாயே கடிக்கிறானே!

அன்னிக்கு அந்த மேஜையிலேயே மனசுக்குள்ள கணக்குப் போட்டுட்டேன். அவனுக்குப் புது மருந்து கிடைச்சிருக்கு. அவன்கிட்ட வெள்ளை நிஜம், மஞ்சள் மாவு. எனக்கு அதே பழைய மருந்து. என்கிட்ட மஞ்சள் நிஜம், வெள்ளை மாவு. எட்டாவது வாரம் அவன் கையெழுத்தோட போய் என் நாற்காலியில உக்காருவான். நான் அவன் ஊதினதைக் காகிதத்துல சுத்துவேன். ஊர் உலகத்துல எத்தனையோ பேர் இருக்க, அந்தப் புது மருந்து தேடிப் பிடிச்சு இவன் வீட்டுக்கா வரணும்?

பொறாமைதான். இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது.

சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவ உள்ள போனேன். எல்லாரும் வெளிய பேசிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. வாஷ்பேசின் பக்கத்துல ஃபிரிட்ஜ், அது மேல அவனோட ரெண்டு பாட்டிலும். என் வெள்ளை பாட்டில் என் சட்டைப் பையிலேயே இருந்துச்சு, சாப்பிட்டதும் போடணுமேன்னு எடுத்துட்டு வந்திருந்தேன். ஒரே மாதிரி பாட்டில், ஒரே மாதிரி மாத்திரை, மேல ஒட்டின நம்பர்தான் வேற. ரெண்டு பேரும் ஒரே நாள் ஆரம்பிச்சதால எண்ணிக்கையிலயும் வித்தியாசம் வராது. என் மாத்திரையைக் கையில கொட்டிக்கிட்டேன். அவன் மாத்திரையை என் பாட்டில்ல ஊத்தினேன். என் கையில இருந்ததை அவன் பாட்டில்ல போட்டு மூடினேன். ஒரு நிமிஷம் கூட ஆயிருக்காது.

வெள்ளையை மட்டும்தான் மாத்தினேன். ஏன்னு உங்களுக்குப் புரியுதா? என் கணக்குப்படி, இனிமே எனக்கு மஞ்சளும் நிஜம், வெள்ளையும் நிஜம். அவனுக்கு ரெண்டுமே மாவு. அது எனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சுதான் பண்ணினேன்.

கையைத் துடைச்சுக்கிட்டு வெளிய வந்து, எல்லார் முன்னாடியும் ஒரு வெள்ளை மாத்திரையை வாயில போட்டுத் தண்ணி குடிச்சேன். "அண்ணே, மருந்து விஷயத்துல உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல"ன்னு அவன் சொன்னான்.

அடுத்த ஒரு வாரம் நான் ராஜா. நெஞ்சு லேசா இருக்கிற மாதிரி, மூச்சு ஆழமா போற மாதிரி எல்லாம் இருந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் காரக்குழம்பை ஊத்திக்கிட்டேன். "பார்த்தீங்களா, பெரிய மாப்பிள்ளையும் தேறிட்டார்"னு மாமனார் சொன்னப்போ, ஓரக்கண்ணால சகலையைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிஞ்சு சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். தொலைஞ்சடா மவனேன்னு நினைச்சேன்.

நாலாவது வாரம் எனக்கு எரிய ஆரம்பிச்சுது. குழம்போட வேலைன்னு நினைச்சேன். அஞ்சாவது வாரம் தண்ணி குடிச்சாலே எரிஞ்சுது. ரெண்டு மருந்து சேர்ந்து புண்ணைச் சுரண்டி எடுக்குது போல, ஆறுறதுக்கு முன்னாடி அப்படித்தான் இருக்கும்னு எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கிட்டேன். நர்ஸம்மா வாரா வாரம் போன் பண்ணி, "எப்படி இருக்கு சார்?"னு கேப்பாங்க. "ஜம்முனு இருக்கு"ன்னு சொல்லுவேன். சகலைக்கும் அதே நர்ஸம்மாதானே போன் பண்றாங்க. அவனைவிட நான் ஒரு படி கம்மின்னு அவங்க நினைச்சுடக் கூடாதே.

அவனைத்தான் எனக்குப் புரியல. ரெண்டும் மாவு சாப்பிடுறவன் துவண்டு போகணுமா இல்லையா? இவன் கன்னம் உப்பிக்கிட்டு வர்றான். பேக்கிங்ல உக்காந்துக்கிட்டே பாட்டுப் பாடுறான். நடிக்கிறான்னு நினைச்சேன். நானும் நடிச்சேன். ஏழாவது வாரம் வாய் கொப்புளிக்கும்போது எச்சில்ல ரத்தக் கீறல் தெரிஞ்சுது. தண்ணியைத் திறந்து விட்டுட்டு, முகத்தைத் துடைச்சுக்கிட்டு வந்துட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடல.

எட்டாவது வாரம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். முதல்ல அவனுக்குப் பார்த்தாங்க, அடுத்தது எனக்கு. நர்ஸம்மா மாத்திரையை எண்ணி, "ரெண்டு பேருமே கரெக்ட்"னு பாராட்டினாங்க. வெளிய வரிசை நாற்காலியில உக்காந்திருந்தோம். டாக்டர் அவனைக் கூப்பிட்டு அஞ்சே நிமிஷத்துல அனுப்பிட்டார். முகமெல்லாம் வெளிச்சமா வந்தான், கையில டாக்டர் கையெழுத்து போட்ட காகிதம்.

"முழுசா ஆறிடுச்சு அண்ணே. தழும்பு கூட இல்லையாம்"னு சொல்லிட்டு என் பக்கத்துல உக்காந்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டான். "இப்போ சொல்றேன், நீங்க என்னைத் திட்டக் கூடாது. முதல் ரெண்டு வாரம் நான் உங்ககிட்ட சொன்னது எல்லாம் புளுகு அண்ணே. பகல்ல பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பேன், ராத்திரி ஆனா நெஞ்சு தீயா எரியும். நாற்காலியில சாஞ்சுதான் தூங்கினேன். நீங்க நல்லா தூங்குறீங்கன்னு அக்கா வந்து சொல்லிட்டாங்க. எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல. புது மருந்து இவருக்குத்தான் கிடைச்சிருக்கு, முதல் பர்னர் திரும்பவும் இவருக்குத்தான்னு நினைச்சேன். அந்தக் கோபத்துலதான் உங்க முன்னாடி மிளகாயைக் கடிச்சேன். கடிச்சுட்டு உள்ள போய் அழுதேன், தெரியுமா?"

அவன் கையில இருந்த காகிதத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"மூணாவது வாரம் என்ன ஆச்சுன்னே தெரியல அண்ணே. யாரோ சுவிட்சை அணைச்ச மாதிரி எரிச்சல் டக்குனு நின்னுடுச்சு."

மூணாவது வாரம். நான் பாட்டிலை மாத்தினது அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. அதுக்குள்ள என் பேரைக் கூப்பிட்டாங்க.

டாக்டர் திரையில என் புண்ணைக் காட்டினார். முன்னைவிட மோசம். ஒரு இடத்துல ரத்தம் கசிஞ்சு உறைஞ்சிருந்துச்சு. "இப்படி இருக்கும்போது அடுத்த வைத்தியத்தை முடிவு பண்ண, உங்களுக்கு எந்த மருந்து கொடுத்தோம்னு தெரிஞ்சாகணும். அதனால அனுமதி வாங்கி உங்க பாட்டில் நம்பரோட ரகசியக் குறியீட்டை மட்டும் திறந்து பார்த்தோம்"னு சொன்னார். நர்ஸம்மா ஒரு தாளை அவர்கிட்ட நீட்டினாங்க.

"உங்களுக்குக் கிடைச்சது புது மருந்து. வெள்ளை மாத்திரைதான் நிஜம். மஞ்சள் வெறும் மாவு."

எனக்கு முதல்ல சந்தோஷமா இருந்துச்சுன்னு சொன்னா நம்புவீங்களா? ஒரு நொடி. எனக்குத்தான் கிடைச்சிருக்கு, அவனுக்கு இல்லன்னு ஒரு நொடி மனசு குதிச்சுது. அப்புறம்தான் ஃபிரிட்ஜ் மேல இருந்த பாட்டில் ஞாபகம் வந்துச்சு. நிஜ மருந்தை என் கையாலேயே அவன் பாட்டில்ல கொட்டி, மூடி போட்டு இறுக்கிட்டு வந்திருக்கேன். அவன் ரெண்டையும் சாப்பிட்டிருக்கான். நான் ஆறு வாரம் மாவைத் தின்னிருக்கேன். அவனுக்கு நான் வெட்டின குழி, அளவெடுத்த மாதிரி எனக்கே பொருந்திடுச்சு.

டாக்டர் பேசிக்கிட்டே போனார். "இருக்கிறதுலயே பலமான மருந்து இது. எட்டு வாரம் ஒழுங்கா சாப்பிட்டும் உங்க உடம்பு இதைக் கேக்கல. இதுக்கு மேல மாத்திரையை நம்பிப் பிரயோஜனம் இல்ல. ஆபரேஷன் பத்திதான் யோசிக்கணும். ஊதுற வேலை இனி வேண்டாம். உங்க கம்பெனிக்கு அப்படியே எழுதித் தரேன்." பேனாவை எடுத்தார்.

வாயைத் திறக்காம இருந்தா மானம் தப்பிச்சுடும். ஆனா பர்னர் போயிடும், வயித்தைக் கிழிப்பாங்க. வாயைத் திறந்தா மருந்து கிடைக்கும், திரும்ப ஊதலாம். ஆனா வெளிய அந்த நாற்காலியில உக்காந்திருக்கானே, அவனுக்குத் தெரிஞ்சு போயிடும். பேனா காகிதத்தைத் தொட்டுடுச்சு.

"டாக்டர், கொஞ்சம் இருங்க. என் சகலையை உள்ள கூப்பிடுங்க"ன்னு சொன்னேன்.

"எதுக்கு?"

"அவனும் கேக்கணும்."

அவன் வந்து நின்னான். மூணு பேர் முன்னாடியும் சொன்னேன். ஞாயித்துக்கிழமை, ஃபிரிட்ஜ், பாட்டில், எல்லாத்தையும். நர்ஸம்மா நெத்தியில இருந்த கண்ணாடியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாங்க. "வாரா வாரம் போன் பண்ணிக் கேட்டேனே சார்"னு மட்டும் சொன்னாங்க. டாக்டர் கோபத்துல எங்க ரெண்டு பேர் ஃபைலையும் எடுத்துத் தனியா வச்சுட்டார். இனிமே ஆய்வுல எங்களைச் சேர்க்க மாட்டாங்களாம். எத்தனை பேர் உழைப்பை வீணாக்கிட்டீங்கன்னு திட்டினார். திட்டட்டும், அது ஒண்ணும் பெருசா உறைக்கல.

சகலையும் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தான்னு முகத்துலேயே தெரிஞ்சுது. நல்லா ஊதுறவன், புத்தி உள்ளவன், சீக்கிரம் போட்டுடுவான்.

"வெள்ளையை மட்டும் மாத்தினீங்களா?"ன்னு கேட்டான்.

"ஆமா."

"அப்போ எனக்கு ரெண்டுமே மாவா இருக்கணும்னு நினைச்சீங்க."

பொய் சொல்லியிருக்கலாம். அவ்வளவு தூரம் யோசிக்கலன்னு சொல்லியிருக்கலாம்.

"ஆமா"ன்னு சொன்னேன்.

என் பையை அவன்தான் காலையிலிருந்து தோள்ல மாட்டிக்கிட்டு இருந்தான். அதைக் கழட்டி நாற்காலி மேல வச்சுட்டு வெளிய போயிட்டான்.

டாக்டர் அதே வெள்ளை மாத்திரையைத் தனியா எழுதிக் கொடுத்தார். இன்னிக்கு அஞ்சாவது வாரம். மாத்திரைன்னா அதுதான் மாத்திரை, பொய் சொல்லக் கூடாது. எரிச்சல் அடியோட நின்னுடுச்சு. இன்னும் மூணு வாரத்துல நானும் கையெழுத்தோட போவேன், மூணாவதுக்கு வேற ஆள் வந்தாச்சு, ஆறாவது பர்னர்தான் காலியா இருக்காம். முதல் பர்னர்ல அவன் உக்காந்திருக்கான். அவன் ஊதின குடுவைங்க என் மேஜைக்குத்தான் வருது. ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, எங்கேயாவது ஒரு குமிழி, ஒரு கோணல் கிடைக்குமான்னு பார்க்கிறேன். இவ்வளவு நடந்தும் பார்க்கிறேன். ஒண்ணும் கிடைக்கிறதில்ல.

வீட்டுல அவன் யார்கிட்டயும் சொல்லல. அவன் பொண்டாட்டிகிட்ட கூட இல்ல. எனக்கு மருந்து ஒத்துக்கலன்னும், டாக்டர் வேற மாத்திக் கொடுத்திருக்கார்னும் அவனாவே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கான். சொல்லித் தொலைச்சிருந்தா நாலு நாள் திட்டு வாங்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். இந்தப் பெருந்தன்மை எனக்கு வருமான்னு நினைச்சுப் பார்க்கிறேன். வராது. அதுலயும் அவன்தான் ஒசத்தி.

போன ஞாயித்துக்கிழமை மேல சாப்பாட்டுக்குப் போனோம். மாமியார் எப்பவும் போல என்னை அவன் பக்கத்து நாற்காலியில உக்காரச் சொன்னாங்க. "ரெண்டு மாப்பிள்ளையும் தேறிட்டீங்க, அதுவே போதும்"னு மாமனார் சிரிச்சார். சகலையும் சிரிச்சான். "வாங்க அண்ணே"ன்னு கூப்பிட்டு நாற்காலியைக் கூட இழுத்துப் போட்டான்.

நான் உக்காந்ததும், எனக்கும் அவனுக்கும் நடுவுல இருந்த அவன் தண்ணி டம்ளரை எடுத்து அந்தப் பக்கமா வச்சுக்கிட்டான். வேற யாரும் கவனிக்கல.